45 நாள் யாரும் கூப்பிடாவிட்டால் யார்தான் இருப்பார்கள்?

"பசங்களுக்கு ஆர்வமே இல்லைங்க. ரெண்டு நாள் வர்றாங்க, அப்புறம் ஆளைக் காணோம்." நம்ம ராமநாதபுரம் கடலோரத்தில் தன்னார்வ அமைப்பு நடத்துகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. பழியைப் பிள்ளைகள் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தனுஷ்கோடியில் பங்குனி ஆமை என்கிற கடலாமையின் முட்டைகளைப் பாதுகாப்பதற்காக எடுக்கும் வேலையையே பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் இரவில் கரையேறும். பொழுது சாய்ந்தபின் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. வனத்துறையிடம் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்திருக்க வேண்டும். அதில் பெயர் விட்டுப்போய் வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை மறுபடி எதற்கு வரும்? ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரமே 50 கிலோமீட்டருக்கு மேல். எங்கே படுப்பது, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே, விடிந்ததும் எந்த வண்டி என்பதையெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசுங்கள்.

ஒரு குழியில் 100 முட்டைக்கு மேலும் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்கு மாற்றி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். உருட்டவே கூடாது, கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டி வளரும், நேரம் கடந்து முட்டை புரண்டால் செத்துவிடும். வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், அனுமதி இல்லாதவர் தொடக் கூடாது. இந்தக் காரணங்களைச் சொன்னால் யாரும் கேட்டுக்கொள்வார்கள். வெறுமனே "தொடாதே" என்று அதட்டினால் மனசு விட்டுப்போகும். குழி ஆழம் அளக்க, எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுத, தேதிப் பலகை நட என்று முதல் இரவிலேயே ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள்.

பெரிய ஓட்டை இதற்கப்புறம்தான். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரை ஒரு போன்கூடப் போவதில்லை. குஞ்சுகளைக் கடலில் விடுகிற அன்றைக்கு விருந்தினர் வருகிறார், படம் எடுக்கிறார்கள். ராத்திரியெல்லாம் மணலில் நடந்தவருக்குத் தகவலே இல்லை. எனக்கு இதுதான் தாங்கவில்லை. குழி எண்ணுக்குப் பக்கத்திலேயே அவர் கைப்பேசி எண்ணையும் எழுதி வைத்தால் போதுமே. எத்தனை பொரிந்தது, எத்தனை கெட்டது என்று இரண்டையும் சொல்லுங்கள்.

உள்ளூர் மீனவ இளைஞர்கள் வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் கூட்டம் வைத்த நாளைப் பார்க்கட்டும். இங்கே விசைப்படகு கடலுக்குப் போவது வாரத்தில் 3 நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. பாம்பனிலோ மண்டபத்திலோ எந்த டீக்கடையில் கேட்டாலும் யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று சொல்வார்கள்.