ஷாப்ளி திராட்சையின் பெயர் அல்ல

வைன் பற்றிய பேச்சில் ஒருவர், "ஷாப்ளி என்பது ஒரு திராட்சை ரகம். மண்ணில் உள்ள சிப்பிச் சுண்ணாம்பை வேர் உறிஞ்சுவதால்தான் வைனில் அந்தக் கல் வாசம்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஷாப்ளி ஓர் ஊர், பிரான்சின் பர்கண்டி வைன் பிரதேசத்தின் வடகோடியில். அங்கே அந்தப் பெயரில் விற்கும் வைனுக்கு ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை மட்டுமே அனுமதி. கலிஃபோர்னியாவில் மலிவான வெள்ளை வைனுக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டி விற்றதில் வந்த குழப்பம் இது.

சிப்பி இருப்பது உண்மை. கிம்மரிட்ஜியன் என்ற புவியியல் காலத்துக் களிச்சுண்ணாம்பு மண், சுமார் 15 கோடி ஆண்டு பழையது. உடைத்துப் பார்த்தால் கமா போல வளைந்த குட்டிச் சிப்பிகள் தெரியும். ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்கு வாசமே கிடையாது. வேர் எடுப்பது தண்ணீரில் கரைந்த அயனிகளை (மின்னேற்றமுள்ள தாதுத் துகள்களை); அவை வைனில் வந்து சேரும் அளவு நாக்குக்குப் பிடிபடாது. அந்த மண்ணின் வேலை வேறு: மிகுநீரை வடியவிட்டு, தேவையான ஈரத்தைப் பிடித்து வைப்பது. குளிர் பிரதேசம் என்பதால் பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு தங்கும். பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியில் நொதிப்பதால் ஓக் வாசமும் மூடுவதில்லை. நாம் 'கல்' என்று சொல்வது பெரிதும் இந்தச் சேர்க்கையைத்தான்.

இன்னொன்று, எல்லாச் சரிவும் ஒன்றல்ல. செரான் ஆற்றின் வலக்கரையில், தென்மேற்கு வெயில் விழும் ஒரே குன்றில் சுமார் 100 ஹெக்டேர்தான் 'கிரான் க்ரூ' என்ற மிக உயர்ந்த தர நிலம். லே க்லோ, வால்முர் உட்பட ஏழு பகுதிகள். அடிநிலைத் தரமான 'பெட்டி ஷாப்ளி' பெரும்பாலும் மேட்டிலுள்ள, கிம்மரிட்ஜியனுக்கு அடுத்த காலத்துப் போர்ட்லாண்டியன் சுண்ணாம்பில் விளைவது.

ஷாப்ளியை "ஐஸ் போல ஜில்லென்று" குடிக்க வேண்டும் என்ற யோசனையும் வேண்டாம். 5 டிகிரியில் வாசம் அடங்கி, புளிப்பு மட்டும் துருத்தும். கிரான் க்ரூ என்றால் 12 டிகிரி வரை விடலாம்.