ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஷாக்கே அடிக்காதா?

சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: திருவிழா ஒலிபெருக்கி வண்டிக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஷாக் அடிக்கவே அடிக்காது, எர்த், ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) இரண்டையும் கழற்றிவிடலாமாம். தவறு. பாதி உண்மை என்பதால்தான் இன்னும் ஆபத்து.

இந்த டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள், நடுவே கம்பித் தொடர்பு கிடையாது, 230 வோல்ட் காந்தப்புலம் வழியாகத்தான் அந்தப் பக்கம் போகிறது. அந்தப் பக்கத்துக்கும் பூமிக்கும் இணைப்பு இல்லாததால், ஈரத் தரையில் நிற்பவர் ஒரு கம்பியை மட்டும் தொட்டால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. சரி, இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டால்? உயிர் போகும். சுவரில் உள்ள ஆர்சிசிபி அதைக் கண்டுகொள்ளாது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வரை வரும் வயருக்கு அதுதான் காவல்.

ஆம்ப், மிக்சர் என்று பல சாதனங்களை மாட்டினால், ஒன்றில் ஒரு கம்பியும் இன்னொன்றில் மற்ற கம்பியும் உலோக உடலில் பட்டு, இரண்டையும் ஒருவர் தொட்டாலும் அதே கதிதான். அதனால் அவற்றின் உலோக உடல்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்புறம், கடையில் மலிவாகக் கிடைக்கும் வோல்டேஜ் மாற்றிகள் பலவற்றில் ஒரே சுருள்தான், பாதுகாப்பே இல்லை. பெயர்ப்பலகையில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்கான சர்வதேசத் தர எண் ஐஇசி 61558-2-4 இருக்கிறதா பாருங்கள்.

சந்தேகமா? சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற வயர்மேனைக் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைப் போடுங்கள்.