அலுமினியத்துக்கு டேப் போட எண்ணெய் வேண்டாமா?

அலுமினியம் மிருதுவான உலோகம், கை டேப்புக்கு (துளைக்குள் கையால் மரை வெட்டும் கருவி) எண்ணெய் தேவையில்லை என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். ஓசூர் பட்டறைகளிலும் இந்தப் பேச்சு உண்டு. உண்மை நேர்மாறு அண்ணா. மிருதுவாக இருப்பதால்தான் அது டேப்பின் பல்லில் அப்பிக்கொண்டு மரையைப் பிய்க்கிறது.

நீங்களே பார்த்துவிடலாம். 6061 என்ற அலுமினியக் கலவையின் கழிவுத் துண்டு ஒன்றில் 5 மி.மீ. டிரில்லால் இரண்டு துளை போடுங்கள். ஒன்றில் எம்6 (6 மி.மீ. மரை) டேப்பை வெறுமனே இறக்கி, வெளியே எடுத்து லென்ஸில் பாருங்கள். பல் ஓரத்தில் வெள்ளையாக அலுமினியம் ஒட்டியிருக்கும். அப்புறம் டேப்பைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தொட்டு அடுத்ததில் இறக்குங்கள். கைக்கே வித்தியாசம் தெரியும்.

விமானப் பாகமென்றால் மட்டும் மண்ணெண்ணெய் நம் இஷ்டம் இல்லை. பிராசஸ் ஷீட்டில் (வேலையின் செய்முறைத் தாள்) எந்தத் திரவம் போட்டிருக்கிறதோ அதுதான்.