ஒரு சோப்புக்கட்டிக்கு எத்தனை கும்பிடு

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் வாசலில் நின்று, "யம்மா, ஜெயிலுக்கு அனுப்பின மணியார்டர் திரும்பி வந்திருக்கு, வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. அம்மாவுக்குக் காது மந்தம், அதனால்தான் சத்தமாகச் சொன்னார். ஆனால் எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான்தான் போய் அந்த ஆயிரம் ரூபாயை எண்ணி வாங்கினேன். ஆத்திரத்தில் கை நடுங்கியது.

என் தம்பி ரிமாண்டில் இருக்கிறான். அவன் செய்தானா இல்லையா என்று நான் பேசப்போவதில்லை, அதை கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். அவன் குளிக்க ஒரு சோப்பு, தலைக்கு எண்ணெய், சாயங்காலம் ஒரு பிஸ்கட் பாக்கெட். இதற்கு நான் உழைத்த காசை அனுப்புவதற்குள் நாய்படாத பாடு படுகிறேன், அதைத்தான் சொல்ல வந்தேன்.

உள்ளே கையில் காசு வைத்துக்கொள்ளக்கூடாது என்கிறார்கள். சரி, அது நியாயம்தான். காசு புழங்கினால் சூதும் அடிதடியும் வரும். அதனால் வீட்டார் கொடுக்கும் பணத்தைக் கைதி பேரில் வரவு வைத்து, கேண்டீனில் அவன் வாங்குவதை அதில் கழித்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கணக்கில் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் உயிர் போகிறது.

மனு பார்க்க வரும்போது கட்டிவிடுங்கள் என்றார்கள். (ஜெயிலில் இருப்பவரைப் பார்க்கப் போவதை மனு பார்ப்பது என்றுதான் சொல்வோம்.) நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஒரு நாள் ஷிப்ட் போனால் அந்த நாள் கூலி போச்சு. விடியற்காலை நாலு மணி பஸ் பிடித்துப் போய், ஆதார் நகலோடு வெயிலில் வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போனால், "நேரம் முடிஞ்சு போச்சு, அடுத்த தடவை வாங்க" என்றார் ஒருவர். அடுத்த தடவை போனேன். அந்த செக்‌ஷன் ஆள் லீவு. மூன்றாவது தடவை, "எதுக்கும்மா அலையுறீங்க, மணியார்டர் பண்ணுங்களேன்" என்றார்கள். இதை முதல் நாளே சொல்ல வாய் வரவில்லையா? மூன்று நாள் கூலியை யார் தருவார்கள்?

வாசலுக்கு எதிரே டீக்கடை. பத்து ரூபாய் டீக்கு அங்கே ஸ்கேன் பண்ணிப் பணம் கொடுக்கலாம். அதே பெஞ்சில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உள்ள நம்ம ஆள் இருக்கான்க்கா, நீங்க ஆயிரம் குடுத்தா தம்பி கைக்கு ஐநூறு போயிரும்" என்றார். நேர்வழியை இவ்வளவு கரடுமுரடாகப் போட்டுவைத்தால் இந்த மாதிரி ஆட்கள் ஏன் வரமாட்டார்கள்?

போஸ்ட் ஆபீஸிலும் மறுபடி வரிசை. முதல் நாள் சர்வர் இல்லை. மறுநாள் கட்டினேன். மணியார்டருக்கு 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன், ஆயிரத்துக்கு 50 ரூபாய். பேர், அப்பா பேர், கைதி எண் எல்லாம் சரியாக எழுதினேன், இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். அது போய்ச் சேர்வதற்குள் அவனை வேறு மாவட்டத்து ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு போன் இல்லை, ஒரு கடுதாசி இல்லை. அங்கே அவனுக்கு வேறு எண். பணம் மூன்று வாரம் எங்கெங்கோ சுற்றிவிட்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. கமிஷன் காசு போனது போனதுதான்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் ஜெயில் போனிலிருந்து பேசினான். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. "அக்கா, என்னை விட்டுட்டீங்களா?" என்றான். பணம் வரவில்லை என்றதும் நாங்கள் கைகழுவிவிட்டோம் என்று நினைத்திருக்கிறான். பக்கத்தில் படுக்கிறவர் துணியைத் துவைத்துக் கொடுத்து, அவரிடம் மீதமிருக்கும் சோப்புத் துண்டை வாங்கிக் குளிக்கிறானாம். என் மடியில் வளர்ந்த பிள்ளை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம் அவர்கள் போடும் பிச்சையும் இல்லை. 1894-இல் வெள்ளைக்காரன் எழுதிய சிறைச் சட்டத்தின் 31-வது பிரிவைப் பாருங்கள். தண்டிக்கப்படாத கைதி உணவு, உடை, படுக்கை, மற்ற அவசியப் பொருள்களை வெளியிலிருந்து பெறவும் காசு கொடுத்து வாங்கவும் அனுமதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சோதனை போடலாம், விதி வைக்கலாம். ஆனால் வாங்க விட வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். தண்டனைக் கைதிக்காவது உள்ளே வேலை, கொஞ்சம் கூலி. விசாரணைக் கைதிக்கு வீட்டை விட்டால் யார்? அத்தனை பேர் வீட்டிலும் என்னை மாதிரி ஒரு அக்காவோ அம்மாவோ பெண்டாட்டியோ ஷிப்டை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறாள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆளை மாற்றினால் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள், புது எண்ணைச் சொல்லுங்கள். பழைய ஜெயிலுக்கு வரும் பணத்தைப் புது ஜெயிலுக்கு அனுப்பிவையுங்கள். அரசாங்கத்துக்கு அரசாங்கம்தானே, அதற்குமா எங்கள் வீட்டு வாசல் வரை வர வேண்டும்? பணம் எப்போது கட்டலாம், எங்கே கட்டலாம் என்று வாசலில் ஒரு போர்டு வையுங்கள்.

புது எண்ணை வக்கீல் குமாஸ்தாவிடம் கெஞ்சி வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு மறுபடி போஸ்ட் ஆபீஸுக்குப் போகிறேன். அதே ஆயிரம், இன்னொரு 50 ரூபாய்.