பினாங்கு வெயிலில் நடுங்கிய கன்று

நேற்று எங்கள் கன்றுக்குத் தொப்புள் குடலிறக்க அறுவை (தொப்புள் ஓட்டை வழியே குடல் பிதுங்குவதைச் சரிசெய்வது) நடந்தது. (தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் பால்குடங்களுக்குப் பால் தருபவள் இதன் தாய்தான்.) வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும் ஒரு மாமா கேட்டார்: "மாட்டுக்கு எதற்குத் தம்பி மயக்க மருந்து? அந்தக் காலத்தில் நாலு காலையும் கட்டிப்போட்டு முடித்துவிடுவோமே!"

கட்டினால் உடம்பு அசையாது மாமா, வலி அடங்காது. சின்ன வேலைக்கு மரத்துப்போகும் ஊசி போதும், ஒப்புக்கொள்கிறேன். வயிற்றுச் சுவரைத் திறந்து தைக்க முழு மயக்கம்தான் என் கட்சி.

ஆனால் அதைத் தூக்கம் போல நினைத்தது என் தவறு. அம்மாவின் அறுவைக்கு இரவு முழுவதும் பட்டினி போட்டார்களே என்று, ஐந்து வாரக் கன்றையும் பால் இல்லாமல் வைத்திருந்தேன். மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். நீண்ட பட்டினி பெரிய மாட்டுக்கு. மயங்கிக் கிடக்கையில் அதன் அசைபோடும் வயிறு ஊதும். இரை மேலேறி நுரையீரலுக்குள் போகும். பால்குடிக் கன்றுக்கு அந்த வயிறே இன்னும் வளரவில்லை. குடிக்கும் பால் அதைத் தாண்டி நேரே கடைசி அறையான நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். ஈரலில் சேமிப்பும் குறைவு. பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை விழும், மயக்கத்தில் அது கண்ணுக்கும் தெரியாது. முதலில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

கன்றின் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தத்தை அதிகம் கூட்டாது. வேகமாகத் துடித்தே சமாளிக்கும். முதலில் அடக்கப் போடும் ஊசியான சைலசின் அந்தத் துடிப்பைக் குறைக்கிறது, மூச்சில் கொடுக்கும் மயக்க மருந்தான ஐசோஃபுளூரேன் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இரத்த அழுத்தம் விழாமல் என்ன செய்யும்? குதிரைக்குப் போடும் சைலசினில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். கண்ணளவில் ஊசி போடுகிறவர்களை நான் கொட்டகைக்குள் விடாததற்குக் காரணம் கேட்டவர்கள் இதைப் படிக்கட்டும்.

நான் எதிர்பாராதது குளிர். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே 39 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய உடம்பு 37-க்கு இறங்கிவிட்டது. மயக்கத்தில் நடுக்கம் நின்றுவிடும், சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும், மழித்த வயிறோ திறந்து கிடக்கிறது. உடம்பு குளிர்ந்தால் மருந்து கரைவதும் தாமதம். மருந்தைக் கரைக்க வேண்டிய ஈரலும் இன்னும் முதிரவில்லை. அக்காவின் போர்வையைச் சுற்றி, வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் பொதிந்து அணைத்து வைத்தோம்.

எத்தனை ரிங்கிட் என்று கேட்பவர்கள், அறுவை முடிந்து கன்று எழுந்து நிற்கும்வரை பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்பதில்லை. நேற்று நானும் கேட்கவில்லை. அந்த மருத்துவர் தாமாகவே உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு நடுங்கத் தொடங்கியது கன்று. "நல்லது, நடுங்கட்டும்" என்றார். ஐந்தரைக்கு என் சட்டை முனையைச் சப்பிக்கொண்டிருந்தது.