டிஎன்ஏவில் எல்லாம் இல்லை

"ஓர் உயிரைக் கட்டும் தகவல் முழுவதும் டிஎன்ஏவில் இருக்கிறது" என்ற கட்டுரையாளரின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பு முழுக்க நுண்ணிழைகள் வரிசை வரிசையாக, ஒரே திசை பார்த்து நிற்கும். சில வரிசைகள் மட்டும் தலைகீழாகத் திரும்பிப்போன செல்களை உயிரியலாளர்கள் பெய்சனும் சோனபோர்னும் வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதினார்கள். செல் பிரியப் பிரிய, நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்கு அந்தத் தலைகீழ் வரிசை அப்படியே தொடர்ந்தது. மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை! புதிய இழை முளைக்கும்போது பக்கத்துப் பழைய இழையை ஒட்டியே திசை பிடிக்கிறது, அவ்வளவுதான்.

புரதத்தைச் செய்யும் குறிப்பு டிஎன்ஏவில் உண்டு, மறுக்கவில்லை. அந்தப் புரதம் எங்கே, எந்தப் பக்கம் பார்த்துப் பொருந்த வேண்டும் என்பதில் தாய்ச்செல்லின் உடம்புக்கும் பங்கிருக்கிறது. பள்ளிப் பாடத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டாமா?