கோச்சுக்கே கோச்சா என்று சிரித்தவர்களுக்கு

கோச்சுகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். (கோச் என்றால் இங்கே விளையாட்டுப் பயிற்சியாளர் இல்லை. வேலை, வாழ்க்கை பற்றிக் குழம்பி வருபவரிடம் கேள்வி கேட்டு, அவரே முடிவெடுக்க உதவுபவர்.) மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அங்கே கோச்சாக வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் எழும்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஒரு கிளையன்டை நினைத்து இரவில் நித்திரை வருவதில்லை. நான் யாரோடு கதைப்பது?" அதற்கு மூத்தவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "கோச்சுக்கே கோச்சா? அப்ப நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கவே கூடாது" என்றார். மண்டபமே சிரித்தது.

கோச்சுக்கும் ஆள் வேண்டும். இரண்டு வருடம் செய்தவருக்கும் வேண்டும், இருபது வருடம் செய்தவருக்கும் வேண்டும். என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். உலகம் சுற்றிய கப்டனாக இருந்தாலும் திருகோணமலைக்குள் வரும்போது துறைமுகத்துப் பைலட் கப்பலில் ஏறி வழிகாட்டுவார். உனக்குக் கப்பல் ஓட்டத் தெரியாதா என்று எந்தக் கப்டனையும் யாரும் கேட்டதாக அப்பா சொன்னதில்லை.

கோச் தன் வேலையைப் பற்றி மனம் விட்டுக் கதைக்கும் அந்த ஆளுக்குச் சுப்பர்வைசர் என்று பெயர், அந்த அமர்வுக்குச் சுப்பர்விஷன் என்று பெயர். அந்தச் சொல்தான் பாதிப் பிரச்சினை. எங்கள் ஊரில் அது கார்மென்டில் பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பவரின் பெயர். கோச்சிங்கில் அவர் மேலதிகாரி இல்லை. மென்டர் கோச்சும் இல்லை. மென்டர் கோச் எங்கள் அமர்வின் பதிவைக் கேட்டு, கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் எங்கே அறிவுரை சொன்னோம் என்று காட்டுவார். கோச்சுகளுக்குச் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பான ஐசிஎஃப்பின் முதல் படியான ஏசிசி சான்றிதழுக்கே 100 மணி நேர அனுபவமும், மூன்று மாதத்துக்குக் குறையாமல் 10 மணி நேர மென்டர் கோச்சிங்கும் வேண்டும். சுப்பர்விஷனில் பார்க்கப்படுவது நாங்கள். எந்தக் கதை எங்களை விடாமல் பிடித்திருக்கிறது, எங்கே எல்லை மீறினோம், யாரை உளவளத்துணையாளரிடம் அனுப்பியிருக்க வேண்டும்? உளவளத்துணையாளர்களின் சுப்பர்விஷன் பற்றி எழுதிய பிரிஜிட் ப்ராக்டர் 1980களில் சுப்பர்விஷனின் வேலைகளை மூன்றாகச் சொன்னபோது, தரம் காப்பதோடும் திறன் வளர்ப்பதோடும், வேலை செய்பவரின் மனக்களைப்பை ஆற்றுவதையும் சேர்த்தே வைத்தார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். (சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) அரசாங்க வேலையை விட்டுக் கட்டாருக்குப் போவதா என்று குழம்பி ஒருவர் வந்தார். நாலு அமர்வு. முடிவு உங்களுடையது என்று வாயால் சொல்லிக்கொண்டே, இங்கே இருந்தால் என்ன நன்மை என்றே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை. என் சுப்பர்வைசர் கொழும்பில் இருப்பவர், தமிழ் தெரியாது. ஸூமில் ஆங்கிலத்தில் விவரித்துக்கொண்டிருந்தவள் நடுவில் "தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "யார் அந்தத் தம்பி?"

என் தம்பி வெளிநாடு போய்ப் பதினொரு வருடம். அம்மாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. நான் மறித்துக்கொண்டிருந்தது அவனைத்தான். திரைக்கு முன்னால் இருந்து அழுதேன். அந்தக் கேள்வி வராவிட்டால் ஒரு மனிதரின் வாழ்க்கையை என் துக்கத்தால் திருப்பியிருப்பேன்.

கிளையன்டின் இரகசியம் வெளியே போகாதா என்பார்கள். பெயர் சொல்வதில்லை, முதல் நாள் ஒப்பந்தத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறோம். சரி, காசு? நாலு பேர் சேர்ந்து குழுவாகச் செய்தால் செலவு குறையும். தமிழில் சுப்பர்வைசர் எங்கே என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. துக்கம் தமிழில் வருகிறது, அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லும்போது பாதி கையை விட்டுப் போகிறது. தேடி அலையும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்க அது காரணமா?

இந்த ஊரில் தொழில் பற்றிப் பேச வருபவர் இரண்டாம் அமர்வில் 2004 டிசம்பர் 26 பற்றிச் சொல்வார். இன்னொருவர் காணாமல் போன அண்ணனைப் பற்றிச் சொல்வார். அது கோச்சிங் இல்லை, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும், தெரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த காது எங்களுடையது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டியவர்களும் நாங்கள். உங்களுக்கு நித்திரை வருகிறது என்றால் சந்தோஷம் ஐயா. வராதவளை வாயடைக்க வேண்டாம்.

அந்தத் தங்கச்சி அன்றிரவே வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அவர் கேட்டபோது நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். சிரிக்கவில்லை, ஆனால் எழும்பவும் இல்லை. அதுதான் இந்த மூன்று நாளும் என்னைக் குடைந்தது.

தங்கச்சி, மன்னியுங்கள். எங்கள் சுப்பர்விஷன் குழுவில் ஓரிடம் இருக்கிறது. இந்த மாதக் காசை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்பாக்ஸுக்கு வாருங்கள்.